சீஃப் கோச் ஸ்வர்ணலதா

திருச்சானூரில் கோயில் குளத்துக்குப் பின்தெருவில் உள்ள ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்வர்ணலதாவுக்குக் குதிரையேற்றப் பள்ளியில் வேலை கிடைத்தது அவள் வாயால்தான்.

அன்று காலை வெந்நீர் வரவில்லை என்று நாக்பூர்க் குடும்பம் ஒன்று அவளிடம் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம் மொட்டை போடுகிற இடத்தைக் கேட்டது. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சந்திரகிரிக் கோட்டைக்கு வண்டி கிடைக்குமா என்று விசாரித்தது. ஸ்வர்ணலதா நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, லாட்ஜில் மற்றதெல்லாம். மூன்று கூட்டத்துக்கும் அவரவர் மொழியில் பதில் சொல்லி, நடுவில் வாளியைக் கொண்டுபோகாமல் நின்ற ரூம் பையனைத் தெலுங்கில் நாலு வார்த்தை கேட்டு, ரசீதும் எழுதி முடித்தாள். அறை பதிவு செய்ய வந்து காத்திருந்த ஹரிபிரசாத் இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹரிபிரசாத் புத்தூர்க்காரர். மனை வியாபாரம். சந்திரகிரியைத் தாண்டி மலையடிவாரத்தில் நிலம் வாங்கி, டைமண்ட், எமரால்ட், பேர்ல் என்று மூன்று பிரிவாகப் போட்டிருந்தார். வளைவு கட்டினார், பூங்கா வைத்தார், நீச்சல்குளம் என்று ஒன்றைத் தோண்டினார். பக்கத்து மனைக்காரர்களும் இதையே செய்திருந்ததால் நிலம் நகரவில்லை. பிறகு யாரோ யோசனை சொல்ல, சென்னையில் பந்தய ஓட்டம் முடிந்து ஓய்வுபெற்ற மூன்று குதிரைகளை லாரியில் ஏற்றிவந்து, மணல் கொட்டி, வேலி போட்டு, குதிரையேற்றப் பள்ளி என்று பலகை வைத்துவிட்டார். மனை வாங்கினால் சவாரி இலவசம். குதிரைகளுக்கும் டைமண்ட், எமரால்ட், பேர்ல் என்றே பெயர் வைத்தார். எமரால்டில் தண்ணீர் நிற்கிறது என்று போன் வந்தால் அது மனை. எமரால்ட் தண்ணீர் குடிக்கவில்லை என்று வந்தால் குதிரை.

குதிரை வந்தது, மணல் வந்தது, சொல்லித்தர ஆள் இல்லை. திருப்பதியில் அதற்கு ஆள் கிடைக்காது. ஆகவே வெளியூரிலிருந்து ஆசிரியர்களை வரவழைப்பது, ஒருவர் வந்து சில நாள் சொல்லித்தந்துவிட்டுப் போவார், கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் வருவார் என்று ஏற்பாடு. வருகிறவர்கள் பேசுவது கற்றுக்கொள்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே.

"நீங்க ஞாயித்துக்கிழமையில வந்தா போதும் மேடம். அவங்க சொல்றத நம்மாளுங்களுக்குச் சொல்லணும், அவ்ளோதான்" என்றார் ஹரிபிரசாத்.

"எனக்குக் குதிரையப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க சார்."

"தெரிஞ்சிருந்தா நீங்க ஏன் இங்க உக்காந்துக்கினு இருக்கப் போறீங்க."

அதுவும் சரிதான் என்று ஸ்வர்ணலதாவுக்குத் தோன்றியது. அவள் கணவன் திருவேங்கடம் திருமலைக்குப் போகும் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டு, குதிரைக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போறியா என்று ஒருமுறை கேட்டான். தானாக யோசிக்கிற வண்டி எதையும் தான் நம்புவதில்லை என்றும் சொல்லிவைத்தான். ஆனால் தடுக்கவில்லை.

முதலில் வந்தவர் ராணுவக் குதிரைப்படையில் இருந்து ஓய்வுபெற்ற பிரதாப் சிங். ஜெய்ப்பூர்ப் பக்கம். மீசையை முறுக்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கத்தினார். முட்டியை இறுக்கு, குதிகாலைக் கீழே தள்ளு, நெஞ்சை நிமிர்த்து, குதிரைக்கு முதலாளி யார் என்று காட்டு. இவ்வளவுதான் பாடம். இதற்கு நடுவே அவர் இந்தியில் திட்டிய திட்டுகள் ஸ்வர்ணலதாவுக்கே பாதி புதிது. சித்தூரிலிருந்து வரும் ரைஸ்மில் முதலாளி பாலையாவை ஒருமுறை அவர் மூச்சு விடாமல் வைதார். பரம்பரையில் ஆரம்பித்து அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் வந்து முடித்தார். முடித்துவிட்டு, சொல் என்பதுபோல் ஸ்வர்ணலதாவைப் பார்த்தார்.

பாலையாவுக்கு அறுபது வயது. நெற்றியில் நாமம், சட்டைப்பையில் பேனா. இரண்டு மனை வாங்கியிருந்தார். இலவசமாக வருவதை விட்டுவிடுகிற பழக்கம் அவரிடம் கிடையாது, அதனால்தான் குதிரைமேல் இருந்தார்.

"சார் இன்னும் கொஞ்சம் நிமிந்து உக்காரச் சொல்றாருங்க" என்றாள் ஸ்வர்ணலதா.

"இவ்ளோ நேரம் அதையா சொன்னாரு?"

"இந்தியில கொஞ்சம் நீளமா வருங்க."

பாலையா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரதாப் சிங் திருப்தியாக மீசையைத் தொட்டார். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு என்பது சொன்னதைச் சொல்வது அல்ல, சொல்லாமல் விடுவது என்று ஸ்வர்ணலதா அன்று புரிந்துகொண்டாள்.

மழை தொடங்கும் சமயத்தில் இரண்டாவது ஆசிரியை வந்தார். நெதர்லாந்துக்காரி, பெயர் மரெய்க்கா. உயரம், ஒல்லி, பேச்சு காதில் ரகசியம் சொல்வதுபோல் இருக்கும். அவர் வந்ததும் முதலில் செய்த காரியம், பிரதாப் சிங் சொல்லித்தந்தது முழுவதையும் தலைகீழாக்கியது. முட்டியைத் தளர்த்துங்கள். மூச்சு விடுங்கள். குதிரையிடம் கேளுங்கள், கட்டளையிடாதீர்கள். இருக்கையின் இரண்டு எலும்புகளை உணருங்கள்.

கடைசி வாக்கியத்தில் ஸ்வர்ணலதா தயங்கினாள். அந்த எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். நாமம் போட்ட பெரிய மனிதரிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. கடைசியில், கல்யாணத்தில் இரும்பு நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அடியில் இரண்டு இடம் வலிக்குமே, அதன்மேல் உட்காருங்கள் என்றாள். பாலையா முகம் சிவந்தது. ஆனால் உட்கார்ந்தார். மரெய்க்கா கைதட்டினார்.

அடுத்த நிமிஷம் பாலையா டைமண்டை நிறுத்திவிட்டார்.

"போன தடவ முட்டிய இறுக்குன்னீங்க. இப்போ தளத்துன்றீங்க. எதுதாம்மா நெஜம்?"

"நான் சொல்லலைங்க சார். அவரு அப்படிச் சொன்னாரு, இவங்க இப்படிச் சொல்றாங்க."

"அவரு சொன்னது எனக்கு எங்கம்மா புரிஞ்சுது? நான் கேட்டது எல்லாம் உங்க வாயால கேட்டதுதான்."

மரெய்க்கா புன்னகையோடு காத்திருந்தார். திருப்பதிப் பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற ரேஷ்மா பேர்ல் மேல் இருந்தபடி செல்போனில் தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். இறுக்கத் தெரிந்தவனுக்குத்தான் தளர்த்தத் தெரியும், அதனால்தான் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள், இப்போது இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எல்லாம் வரிசைப்படிதான் என்றாள் ஸ்வர்ணலதா. பாலையா அதைக் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். அவள் வாழ்க்கையில் குதிரையேற்றம் பற்றிச் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

சிக்கல் 'பாதி நிறுத்து' என்பதில் வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. குதிரையை நிறுத்தாமலே, நிறுத்தப்போவதுபோல் ஒரு குறிப்புக் காட்டுவது. ஸ்வர்ணலதா அதை அப்படியே பாதி நிறுத்துங்க என்று சொல்ல, பாலையா மைதானத்தின் பாதியில் நிறுத்தினார். பின்னால் வந்த பேர்ல் டைமண்டின் பின்புறத்தில் மோதியது. ரேஷ்மாவின் செல்போன் மணலில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் திருவேங்கடம் பணி முடிந்து சாப்பிட வந்தபோது அவள் இதைச் சொல்லிப் புலம்பினாள். அவன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, இது என்ன பெரிய விஷயம், மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் தான் பிரேக்கில் காலை லேசாக வைத்து எடுப்பதாகவும், பயணிகளுக்கு அது தெரியாது, பஸ்ஸுக்கு மட்டும் தெரியும் என்றும் சொன்னான். அடுத்த வகுப்பில் ஸ்வர்ணலதா இதைச் சொன்னாள். அங்கிருந்த அத்தனை பேரும் மலைப்பஸ்ஸில் இறங்கியவர்கள்தான். பாலையா டைமண்டை லேசாகத் தடுத்து விட்டார். குதிரை தலையைத் தாழ்த்திக்கொண்டு அழகாகத் திரும்பியது. நீ என்ன சொன்னாய் என்று மரெய்க்கா ஆச்சரியத்தோடு கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ருசி கண்டுவிட்டது. லாட்ஜில் கூட்டமில்லாத நேரத்தில் குதிரையேற்ற வீடியோக்களைப் பார்த்தாள். உள்பக்கக் காலால் தள்ளி வெளிப்பக்கக் கையில் வாங்கு என்பதுபோன்ற வாக்கியங்கள் தேவையானபோது தானாக வாயில் வந்தன. நடுவாரத்தில் மாணவர்களிடமிருந்து போன் வரத் தொடங்கியது. ரேஷ்மா தன் சவாரி வீடியோவை அனுப்பி, ஆன்ட்டி, எங்கே தப்பு என்று தெலுங்கில் கேட்பாள். ஸ்வர்ணலதா சாவிக்கொத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, தோளைத் திற என்று பதில் போடுவாள். தோள் மூடியிருக்காத மனிதரை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பதில் ஒருபோதும் தப்பவில்லை.

இத்தனைக்கும் அவள் ஒரு குதிரையைத் தொட்டதுகூட இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பேர்ல் பிரிவின் விற்பனைத் தொடக்கவிழாவுக்கு மூன்றாவது ஆசிரியர் ஒருவர் புனேயிலிருந்து வருவதாக இருந்தது. பந்தலும் சாப்பாடும் தயார். பெங்களூர், சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ கார்கள் வந்துவிட்டன. அவர் கடைசி நேரத்தில் முதுகுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டார். ஹரிபிரசாத் வியர்த்துப்போய் ஸ்வர்ணலதாவிடம் வந்தார்.

"மேடம், நீங்களே நடுவுல நின்னு சொல்லிக்கினு இருங்க. நீங்க சொல்றததான இவங்க கேக்கறாங்க."

"மொழிபெயர்க்க ஆள் வேணாமா சார்?"

"இன்னாத்த மொழிபெயர்க்கறது. அவங்க சொல்றாப்பல நெனச்சிக்கோங்க."

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு மணலுக்கு நடுவில் போய் நின்றாள். முதல் சில நிமிஷம் வணக்கம், வாங்க என்று மூன்று மொழியில் சொல்லி ஓட்டினாள். பிறகு பிரதாப் சிங்கின் அதட்டலும் மரெய்க்காவின் ரகசியமும் கலந்து ஒரு குரல் வந்தது. அவளுக்கே அது புதிதாக இருந்தது. மாணவர்கள் வட்டம் போட்டார்கள், திரும்பினார்கள், மூச்சுவிட்டார்கள், பிரேக்கைத் தொட்டு எடுத்தார்கள். பந்தலில் கைதட்டல். அன்று மனைகள் நன்றாகப் போயின. அடுத்த வாரமே சந்திரகிரிச் சாலையில் பெரிய ஃப்ளெக்ஸ் எழுந்தது. ஓடும் குதிரைக்குப் பக்கத்தில் ஸ்வர்ணலதாவின் முகம், கீழே சீஃப் கோச் என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும்.

திருவேங்கடம் அதைப் பார்த்துவிட்டு வந்து, குதிரை நல்லா இருக்கு, நீ ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கற என்றான். ஹரிபிரசாத்துக்கும் அதே அபிப்பிராயம் போலிருக்கிறது. அடுத்த ஃப்ளெக்ஸில் மேடம் குதிரைமேல் இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை படமெடுப்பவரை வரவழைத்துவிட்டார்.

தப்பிக்க வழியில்லை. மாணவர்கள் எல்லாரும் வேலியோரம் நின்றிருந்தார்கள். குதிரைகளைப் பராமரிக்கும் சலீம் டைமண்டைப் பிடித்துக்கொண்டு சிறு ஏணியை வைத்தான். மாணவர்களுக்கு நூறு தடவை சொன்னபடியே இடக்காலை அங்கவடியில் வைத்தாள், பிடரியைப் பிடித்தாள், எப்படியோ மேலே போய்விட்டாள். பூமி இவ்வளவு கீழே இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. படத்தில் யாரும் பிடித்திருக்கக்கூடாது என்று படக்காரர் சொல்ல, சலீம் விலகினான்.

டைமண்ட் இரண்டு அடி வைத்தது. ஸ்வர்ணலதா லகானை இழுக்க மறந்து, பாதி நிறுத்து என்று மனதுக்குள் சொன்னாள். அது கேட்கவில்லை. உள்பக்கக் காலால் தள்ள நினைத்தாள். எது உள்பக்கம் என்று தெரியவில்லை. டைமண்ட் மணலை விட்டு வெளியேறி, திறந்திருந்த கதவு வழியாகப் பேர்ல் பிரிவுக்குள் போய், ஒன்பதாம் நம்பர் மனையில் முளைத்திருந்த புல்லை மேய ஆரம்பித்தது. தலையைத் தாழ்த்தியபோது லகான் அவள் கையிலிருந்து நழுவிக் கழுத்தோடு போய்விட்டது. இறங்கவும் தெரியவில்லை. ஏணி அங்கே மணலில் நின்றது. இங்கிருந்து குதிக்கலாமென்று கீழே பார்த்தால் மனைக்கல் தெரிந்தது.

யாராவது வருவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வேலியோரத்தில் பாலையா புதிதாக வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தது காற்றில் நன்றாகக் கேட்டது.

"பாருங்க, லகானத் தொடவேயில்ல. குதிரை இஷ்டத்துக்கு விட்டுக்கினு எப்படி அமைதியா உக்காந்துக்கினு இருக்காங்க பாருங்க. நாம பதறுவோம். இது டச்சு முறை."

படக்காரர் மண்டியிட்டு எடுத்துத் தள்ளினார். ரேஷ்மா வீடியோ எடுத்தாள். டைமண்ட் ஒரு மனையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. பெருமாளே, இந்தக் குதிரை இங்கேயே செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, தும்மாமல் இருந்தால் போதும் என்று ஸ்வர்ணலதா வேண்டிக்கொண்டாள். கடைசியில் சலீம் தண்ணீர் வாளியோடு வந்தான். வெயில் ஏறிவிட்டது, குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதற்காக. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் மூட்டை சரிவதுபோல் சரிந்து இறங்கினாள். வேலியோரம் எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சிரித்திருந்தால் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, போங்கய்யா என்று லாட்ஜுக்கே திரும்பியிருப்பாள். மூன்று நாள் நடையே சரியில்லாமல் நடந்தாள். அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை காலை, லாட்ஜில் மத்தியான வேலையை மாற்றி வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி யாருமில்லாத மைதானத்துக்குப் போய் நின்றாள்.

தனக்குச் சவாரி சொல்லித்தர முடியுமா என்று சலீமிடம் கேட்டாள். அவன் விழித்தான். தனக்குக் குதிரை ஏறத் தெரியாது என்றான். மதனப்பள்ளியில் கல்யாண ஊர்வலக் குதிரையைக் கயிற்றைப் பிடித்து நடத்தியதுதான் அவன் அனுபவம். மாப்பிள்ளைகள் ஏறுவார்கள், அவன் நடப்பான். நீங்கள்தானே மேடம் எல்லாருக்கும் சொல்லித்தருகிறீர்கள் என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டான்.

ஆக, ஏறத் தெரியாதவன் கயிற்றைப் பிடிக்க, ஏறத் தெரியாதவள் மேலே உட்கார்ந்து, புதன்கிழமைகள் ஓடின. டைமண்டை விட்டுவிட்டு, வயதான எமரால்டை எடுத்துக்கொண்டாள். தான் இதுவரை சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் உடம்புக்குச் சொல்லிப் பார்த்தாள். உடம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளைத் திற என்றால் முழங்கை விறைத்தது. மூச்சு விடு என்றால் மூச்சு நின்றது. அந்த இரண்டு எலும்புகளைத் தேடினால் எலும்பு மட்டும்தான் கிடைத்தது, அதுவும் வலியோடு. எமரால்ட் ஓட்டநடை எடுத்ததும் அவள் சேணத்தில் அரிசி மூட்டைபோல் எகிறி எகிறி விழுந்தாள். ஒருமுறை எகிறியவள் சேணத்துக்குத் திரும்பவில்லை. மணலில் போய் உட்கார்ந்தாள்.

லாட்ஜ் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னாள். திருவேங்கடம் அவள் முழங்கைக்குத் தைலம் தடவிக்கொண்டே, சுடிதாரிலிருந்து ஒரு நீண்ட பழுப்பு மயிரை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான்.

"குளியலறையில குதிரை கட்டியிருக்காங்களா?"

அவளுக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். ஃப்ளெக்ஸ், கைதட்டல், ஒன்பதாம் நம்பர் மனை. அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன், தான் லைசென்ஸ் எடுத்த பிறகும் முதன்முதலாக ஆட்களோடு மலையிறங்கிய அன்று ஸ்டியரிங்கை விட்டுக் கையைப் பிரிக்கவே முடியாமல் டிப்போவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேள்விப்பட்டதில்லை. பிறகு, விழுந்தாலும் வலப்பக்கமா விழு, இடக்கைல வளையல் இருக்குது என்றான்.

மாசங்கள் போயின. ஒரு புதன்கிழமை எமரால்டின் ஓட்டநடைக்கும், அந்தத் தாளத்துக்கு அவள் சேணத்தில் எழுந்து உட்காருவதற்கும் ஏதோ பொருந்தியது. நாலு சுற்று. எப்படி வந்தது என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி முயன்றபோது வரவில்லை. அடுத்த வாரம் வந்தது.

கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளால் முன்போல் பேச முடியவில்லை. ஒரு மாணவர் எகிறுவதைப் பார்த்தால் முன்பெல்லாம் பளிச்சென்று ஒரு வாக்கியம் வரும். இப்போது அந்த வாக்கியம் தன்னிடம் செல்லாமல் போனது நினைவுக்கு வந்து, பாதியில் நின்றாள். கொஞ்சம் கொஞ்சமா வரும் என்றாள். குதிரையைப் பொறுத்து என்றாள். ரேஷ்மா அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டு, சரியாத் தெரியலை பாப்பா, எனக்கும் அந்த இடத்துல அப்படித்தான் ஆகுது என்று பதில் போட்டாள். அதற்கு ரேஷ்மாவிடமிருந்து, பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக்குறி மட்டும் வந்தது.

பாலையா நேராகவே கேட்டார்.

"குதிகால கீழ வெக்கறதா, வேணாமா? ஒண்ண சொல்லுங்கம்மா."

"வெக்கணும்னு நெனச்சா வெறச்சிக்குது சார். நெனக்காம விட்டா மேல போய்டுது. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்."

"நீங்க பாத்துக்கினு இருந்தா நாங்க இன்னா பண்றது?"

அவர் ஹரிபிரசாத்திடம் போய், மேடத்துக்கு முன்ன மாதிரி தெளிவு இல்லை, வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று அக்கறையாக விசாரித்தாராம். ஹரிபிரசாத் அவளிடம் அதைச் சொல்லும்போது கூச்சப்பட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த முறை மரெய்க்கா வரும்போது சித்தூரில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்தும் சீனு என்பவரை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். மேடம் வழக்கம்போல் வரலாம், மரியாதைக்கு எந்தக் குறையும் இருக்காது, ஃப்ளெக்ஸையும் எடுக்கப்போவதில்லை, அச்சடித்தது அச்சடித்ததுதான் என்றார்.

ஸ்வர்ணலதா ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டாள். ஆனால் ஃப்ளெக்ஸே அதிக நாள் இருக்கவில்லை. பேர்ல் பிரிவில் கடைசி மனையும் விற்றுத் தீர்ந்தது. விற்றுத் தீர்ந்த இடத்தில் குதிரைக்கு என்ன வேலை? மைதானத்துக்கு நாலு மூலையிலும் கல் நட்டு, அதையும் ரூபி என்று பெயர் வைத்துப் பிரித்துவிட்டார் ஹரிபிரசாத். அந்தப் பெயரில் குதிரை இல்லாத முதல் பிரிவு அதுதான். டைமண்டும் பேர்லும் சலீமோடு மதனப்பள்ளிக்குக் கல்யாண வேலைக்குப் போயின. வயதான எமரால்டை யாரும் கேட்கவில்லை. கழித்துவிடுகிற பேச்சு வந்தபோது, சும்மா தருவதாக இருந்தால் தருகிறீர்களா என்று பாலையா கேட்டு, சித்தூருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மரெய்க்காவுக்கு விமானச்சீட்டு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதால், அந்த வகுப்பும் பாலையாவின் ரைஸ்மில்லுக்கு மாறியது.

மில்லில் நெல் காயவைக்கும் களம் முழுவதும் சிமெண்ட். குதிரைக்கு ஆகாது, விழுகிறவர்களுக்கு அதைவிட ஆகாது. பாலையா மில்லிலிருந்து உமியைக் கொண்டுவந்து முழங்கால் உயரத்துக்குக் கொட்டியிருந்தார். தங்கநிறத்தில் மெத்தைபோல் இருந்தது. காற்றடித்தால் மட்டும் எல்லார் கண்ணிலும் விழுந்தது.

மொத்தம் நாலே பேர், ஒரு குதிரை. முறைவைத்து ஏறினார்கள். சீனு தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தார். குதிரையிடமிருந்து நல்ல தூரத்தில் நின்றார். மரெய்க்கா ஒன்று சொன்னால் அவர் பத்தாகச் சொன்னார், அத்தனையும் கணீரென்று. உங்கள் முதுகுத்தண்டை ஒரு கோபுரமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். பாலையாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இப்படி ஒரு ஆள் ஆரம்பத்திலேயே கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று ஸ்வர்ணலதாவிடமே சொன்னார்.

அவள் முறை வந்தது. எமரால்ட் உமியில் கால் புதைய நடந்து, ஓட்டநடைக்கு வந்தது. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். மூலையில் நின்றிருந்த உமி லாரி திடீரென்று உறுமியதும் எமரால்ட் துள்ளிப் பாய்ச்சலில் ஓடியது. ஸ்வர்ணலதா ஒரு சுற்று முழுக்க மேலேயே இருந்தாள். இரண்டாம் சுற்றில் பாதியில் வலப்பக்கமாகப் போய் உமிக்குள் விழுந்தாள். வாயெல்லாம் உமி.

மரெய்க்கா ஓடிவந்து பார்த்தார். அடியில்லை என்று தெரிந்ததும், முதல் சுற்று ரொம்ப நன்றாக இருந்தது, மறுபடி ஏறு என்று ஆங்கிலத்தில் சொன்னார். சீனு அதைத் தமிழில், வீழ்ச்சி என்பது முடிவல்ல என்று தொடங்கி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் ஸ்வர்ணலதா உமியைத் துப்பிவிட்டு ஏறிவிட்டாள்.

சாயங்காலம் சித்தூர் பஸ் நிலையத்தில் திருப்பதி பஸ் ஏறினாள். தலையிலும் துப்பட்டாவிலும் ஒட்டியிருந்த உமியைத் தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மில்லுல வேலையாம்மா?"

"ஆமாங்க" என்றாள் ஸ்வர்ணலதா. சீட்டில் உட்காரும்போது வலித்தது. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, திருப்பதிக்கு ஒன்று என்று காசை நீட்டினாள்.